மந்தைவெளியும் நகரப் பூங்காவும்



ஒரு நகரத்திற்கு இருபது முப்பது ஆண்டுகளை முன்னோக்கிப் பூங்காத் திட்டமும் பொழுதுபோக்குத் திட்டமும் வகுப்பது எங்ஙனம் என்பதுபற்றிச் சில கருத்துகளை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். பூங்கா என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? சீராக வெட்டப்பட்ட புல்தரை, வண்ணம் பூசிய ஊஞ்சல், நீரூற்று, தலைவர் ஒருவரின் சிலை, பூக்களைப் பறிக்கலாகாது என்று எச்சரிக்கும் பலகை. இவையெல்லாம் பூங்காவின் அணிகலன்கள், பூங்கா இவையன்று. பூங்கா என்பது முதலாவதாக நிலம். வீடும் கடையும் எழும்பாமல் விடப்பட்ட நிலம்; இனியும் எழும்பலாகாது என்று ஊரார் தமக்குள் உறுதிசெய்துகொண்ட நிலம். அணிகலனை எந்த ஆண்டு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நிலத்தை அவ்வாறு வாங்க இயலாது. ஊர் வளர்ந்த பின்னர், பொன்னைக் கொட்டினாலும் பத்து ஏக்கர் வெற்றிடம் ஊர் நடுவே கிடைப்பதில்லை.

இவ்வுண்மையை எண்ணிப் பார்ப்பதற்கு நகரத்தின் நடுவிலே நிற்பதைக் காட்டிலும், நகரம் இன்னும் வந்துசேராத ஓர் ஊரில் நிற்பது நல்லது. ஆதலின் அனுமந்தையை எடுத்துக்கொள்கிறேன். விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர் அது. கிழக்கே சவுக்குத் தோப்புகளும் மீனவர் குப்பமும் கடலும்; மேற்கே கழுவெளி என்னும் பரந்த நீர்ப்பரப்பு; வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். கோடையில் அவ்வுப்புப் பாத்திகளின் வெண்மை கண்களைக் கூசச் செய்யும். இத்தகைய ஊருக்கும் நகரப் பூங்காத் திட்டத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. தெற்கே புதுச்சேரி வளர்கிறது. வடக்கே சென்னை வளர்கிறது. இரண்டையும் இணைக்கும் சாலை இவ்வூரின் வழியே செல்கிறது. சாலையோரத்து வயல்களில் வண்ணக் கொடிகள் நடப்பட்டு, கற்கள் ஊன்றப்பட்டு, மனைகள் விற்கப்படுகின்றன. நகரம் என்பது ஒரு நாள் காலையில் முரசறைந்து வருவதன்று. கொடியும் கல்லுமாக, ஒவ்வொரு வயலாகத்தான் அது வருகிறது.

ஊர்ப்பெயர் ஆராய்ச்சி என் வேலையன்று. ஆயினும் இவ்வூரின் பெயரில் ஒலிக்கும் 'மந்தை' என்னும் சொல் என்னைச் சற்றே நிறுத்துகிறது. ஆடுமாடுகளின் கூட்டத்திற்கு மந்தை என்று பெயர். அவை காலையில் வந்து கூடும் வெளிக்கும் அதுவே பெயர். வருவாய்த் துறையார் நம் ஊர்களின் நிலங்களை வகைப்படுத்தியபோது இதனை மறந்தாரல்லர். ஏரிப் புறம்போக்கு, தோப்புப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு என்பவற்றோடு மந்தைவெளிப் புறம்போக்கு என்பதும் ஒரு வகை. புறம்போக்கு என்றால் பயனற்றது, எவருக்கும் உரியதல்லாதது என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. வரிவிதிப்புக்குப் புறம்பானது என்பதே அதன் பொருள். எவருக்கும் உரியதன்று என்பதும், எல்லாருக்கும் உரியது என்பதும் ஒன்றாகுமா?

அந்த வெளிகளில் என்னதான் நடந்தது? விடியலில் மாடுகள் கூடின. அறுவடைக்குப்பின் போரடித்தனர். மாலையில் இளைஞர் சடுகுடு ஆடினர். இரவில் கூத்து நடந்தது. இந்த வட்டாரம் தெருக்கூத்தின் தாய்நிலங்களுள் ஒன்று என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரௌபதியம்மன் திருவிழா நடைபெறும் ஊர்களில், பகலில் பாரதம் படிப்பர். இரவில் பாரதக் கூத்து ஆடுவர். இறுதியில் படுகளம் அமைப்பர். துரியோதனனை நெடிய மண்ணுருவாகத் தரையிலே கிடத்துவர். வீமன் வேடம் பூண்டவர் அவனது தொடையைப் பிளப்பார்; பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள்; அதன்பின் தீமிதி. இத்துணைக்கும் வேண்டியது யாது? கொட்டகை அன்று, மேடை அன்று, நுழைவுச்சீட்டு அன்று. அந்த நெடிய மண்ணுருவைக் கிடத்தவும், அதனைச் சுற்றி ஆயிரம்பேர் நிற்கவும் போதுமான வெறுந்தரை. இவ்வெளி போய்விட்டால் கலை மட்டும் எங்கே நிற்கும்? தெருவில் நிற்கும் என்பார்கள். தெருவில் இப்போது பேருந்து செல்கிறது.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்கலாகாது. பழைய மந்தைவெளியைப் பொற்காலத்தின் சின்னமாகப் புகழ்ந்து பேசுவது எளிது. அவ்வெளி எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. ஊருக்குப் புறத்தே ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் அங்கே சமமாக நின்று ஆடியதில்லை. பல ஊர்களில் குளத்து நீரையும் தொட இயலவில்லை. பெண்கள் திருவிழா நாளன்றிப் பிறநாளில் அங்கே அமர்ந்து பேசியதும் அரிது. நகரப் பூங்காவின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. அதன் வாயிலில் நுழைபவரை எக்குலம் என்று எவரும் கேட்பதில்லை. ஒரே பலகையில் அமர்ந்த இருவர் ஒருவரையொருவர் அறியாமலே அரைமணி நேரம் அமைதியாகக் காற்று வாங்கிச் செல்லலாம். இது சிறிய செய்தி போலத் தோன்றும். நம் நாட்டில் இது பெரிய செய்தி. ஆகவே ஊரிடமிருந்து நிலத்தையும், நகரத்திடமிருந்து இந்த உரிமையையும் எடுத்துக்கொள்வதே நாம் வகுக்கவேண்டிய திட்டம் என்று நான் கருதுகிறேன்.

இனிச் சென்னைக்குச் செல்வோம். நாம் எதனைச் செய்யலாகாது என்பதற்குப் பாடம் அங்கே விரிவாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. மயிலாப்பூரை ஒட்டி மந்தைவெளி என்றே ஒரு பகுதி உண்டு. பேருந்து நிலையமும் அடுக்குவீடுகளும் கடைகளும் அங்கே உள்ளன. பெயர் மட்டும் மிஞ்சி, பொருள் போய்விட்டது.

1859-ஆம் ஆண்டில் சென்னையின் ஆளுநராக வந்தவர் சர் சார்லஸ் திரெவெலியன். கறுப்பர் நகரம் என்று அந்நாளில் ஆங்கிலேயர் அழைத்த நெருக்கமான பகுதியில் வாழ்ந்த மக்களுக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று கருதி, அதன் மேற்கே பீப்பிள்ஸ் பார்க் என்னும் மக்கள் பூங்காவை அமைக்க அவர் முனைந்தார். அதன் பரப்பு 116 ஏக்கர். குளங்கள், வண்டிச் சாலைகள், இசைமேடை ஆகியன அமைந்தன; பின்னர் மிருகக்காட்சிசாலையும் வந்தது. இன்று அப்பூங்கா எங்கே என்று வினவினால், எல்லாரும் அறிந்த கட்டடங்களைத்தான் காட்டவேண்டும். விக்டோரியா மண்டபம் அதன் நிலத்தில் எழுந்தது. 1900-இல் மூர் மார்க்கெட் எழுந்தது. 1913-இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை எழுந்தது. இருப்புப்பாதைக்கும் விளையாட்டரங்குக்கும் எஞ்சியதில் பங்கு கிடைத்தது. மிருகக்காட்சிசாலை 1985-இல் வண்டலூருக்குப் போயிற்று. அதே ஆண்டில் மூர் மார்க்கெட் எரிந்து, அவ்விடத்தில் இரயில் நிலையத்தின் கட்டடம் வந்தது. எஞ்சிய பசுமையாக மை லேடிஸ் பூங்கா என்னும் துண்டு நிற்கிறது. அப்பகுதிக்குப் பார்க் டவுன் என்ற பெயரும் நிற்கிறது.

இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், அப்பூங்காவைக் கொள்ளையடித்தவர் எவரும் இல்லை. ஒவ்வொரு கட்டடமும் பொதுநன்மைக்காகவே எழுந்தது. நகரமண்டபம் வேண்டாமா? அங்காடி வேண்டாமா? மாநகராட்சிக்கு அலுவலகம் வேண்டாமா? விளையாட்டரங்கு வேண்டாமா? எல்லாம் வேண்டும். ஆனால் இவை ஒவ்வொன்றும் வேண்டப்பட்டபோது, நகரத்திலேயே காலியாகக் கிடந்த நிலமாகக் கண்ணிற்பட்டது பூங்கா ஒன்றே. காலி நிலம் என்று நாம் எதனைக் கருதுகிறோமோ, அது நிறைக்கப்பட்டே தீரும். மக்கள் இளைப்பாறுவதும் ஒரு பயன்பாடே என்று ஏட்டில் எழுதிவைக்காத வரையில் இது நிகழ்ந்துகொண்டுதான் இருக்கும்.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் வேடிக்கையானது. பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காத்லாந்து நாட்டறிஞர், உயிர்நூல் வல்லவராயிருந்து நகரமைப்பில் ஈடுபட்டவர். 1914-இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். தாம் அரும்பாடுபட்டுத் திரட்டிய நகரக் கண்காட்சிப் படங்களைக் கிளான் கிராண்ட் என்னும் கப்பலில் ஏற்றி அனுப்பினார். சென்னையின்மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல் அதனைக் கடலில் மூழ்கடித்துவிட்டது. மனந்தளராமல் வேறு படங்களைத் திரட்டி, 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பின்னர் இம்மாகாணத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்கலாகாது. மீனும் வாத்தும் விட்டால் அவை கொசுப்புழுவை உண்ணும். குளம் ஊரைக் குளிரச் செய்யும் என்பது அவர் கருத்து. அக்காலத்து முயற்சிகளின் தொடர்ச்சியாக 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் பிறந்த சில ஆண்டுகளுக்குள், சென்னையின் மேற்கே கிடந்த நெடிய ஏரி வடிக்கப்பட்டு, தியாகராய நகர் எழுந்தது! நகரமைப்பு அறிஞர் குளத்தைக் காக்கச் சொன்னார். நகரமைப்பு ஏரியை உண்டது.

ஆயினும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தியாகராய நகரை வரைந்தவர்கள் நடுவே பனகல் பூங்காவை வைத்து, சாலைகள் அதனை நோக்கி வருமாறு அமைத்தனர். வீடுகள் வருமுன்னே பூங்காவுக்குக் கோடு கிழித்துவிட்டனர். அதனால்தான் சுற்றிலும் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் அலைபோல் மோதும் இந்நாளிலும் அப்பூங்கா நிற்கிறது. கோடு முன்னே கிழிக்கப்பட்டால் பூங்கா பிழைக்கிறது. பின்னே தேடினால் எத்துணைப் பாடு என்பதற்கும் சென்னையே சான்று. அடையாற்றுக் கழிமுகத்தில் குப்பை குவிந்து கிடந்த நிலத்தைத் தூய்மைப்படுத்தி, 58 ஏக்கரைத் தொல்காப்பியப் பூங்காவாக்கி 2011-இல் திறந்தனர். கிண்டிக் குதிரைப்பந்தய நிலத்தைப் பூங்காவாக்கும் எண்ணத்தை அரசு 2024-இல் வெளியிட்டபோது, வழக்குமன்றப் படிகளும் உடனே ஏறவேண்டியதாயிற்று.

அயல்நாட்டார் முன்னே கோடு கிழித்த கதைகளுள் புகழ்பெற்றது நியூயார்க்கு நகரத்தின் மத்தியப் பூங்கா. 1853-இல் அதற்கு நிலமெடுக்கச் சட்டம் செய்தனர். அந்நாளில் நகரம் அவ்விடத்தை எட்டவில்லை. பாறையும் சேறுமாக இருந்தது. இன்று வானளாவிய மாடங்களின் நடுவே 843 ஏக்கர் பசுமை விரிந்து கிடக்கிறது. இதனை மெச்சிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு செய்தியை விட்டுவிடுகின்றனர். அந்நிலம் வெற்றிடமாக இருக்கவில்லை. செனகா கிராமம் என்னும் குடியிருப்பு அங்கிருந்தது. அதில் வாழ்ந்தவருள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சொந்த வீடும் தேவாலயமும் உடையவர். 1857-இல் அவர்கள் அகற்றப்பட்டனர். தொலைநோக்கு நல்லதுதான். யாருடைய வாசலின்மீது நின்று தொலைவை நோக்குகிறோம் என்பதையும் குனிந்து பார்க்கவேண்டும். அனுமந்தைக் கடற்கரைக்குப் பூங்கா வரைபவர், வலை உலர்த்தும் மணலையும் படகு ஏற்றும் கரையையும் வெற்றிடம் என்று எண்ணி வரைந்துவிடலாகாது. மீனவருக்கு அது முற்றம்.

இனி நம் சட்டங்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரிப்பவர், சாலை நீங்கலாக எஞ்சியதில் பத்திலொரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப்பத்திரம் செய்தளிக்கவேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையெனில் நிலமாகவோ, அதற்கு ஈடான தொகையாகவோ கொடுக்கலாம். 3,000-க்கு உட்பட்டதெனில் ஒன்றும் இல்லை. விதி நல்ல விதி. அதனை மட்டும் நம்பியிருந்தால் என்ன கிடைக்கும்? மூன்று ஏக்கர் மனைப்பிரிவு ஒன்றில் இருபது இருபத்தைந்து சென்ட் கிடைக்கும். அதுவும் எங்கே? பள்ளமான மூலையில், அல்லது மின்கம்பி செல்லும் ஓரத்தில். விற்க இயலாத துண்டைத்தானே விற்பவர் ஊருக்கு விடுவார்? இவ்வாறு பத்து மனைப்பிரிவுகள் வந்தால் பத்து மூலைகள் கிடைக்கும். பிள்ளைகள் ஓடியாட ஒரு திடல் கிடைக்காது. பூங்காத் திட்டம் என்று ஒன்று முன்னமே இருந்திருந்தால், அடுத்தடுத்த இரு மனைப்பிரிவுகளின் ஒதுக்கீடுகள் ஒன்றையொன்று தொடுமாறு செய்திருக்கலாம். ஊர் ஏரிக்கரையை ஒட்டி நிற்குமாறு செய்திருக்கலாம். தொகையாக வந்ததைக் கொண்டு அவற்றிடையே நடைபாதை அமைத்திருக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு வரைபடமும் அதனை மேசைமீது விரித்துவைக்கும் அலுவலரும் போதும்.

எவ்வளவு இடம் வேண்டும்? நடுவணரசு 2014-இல் வெளியிட்ட நகரத் திட்ட வழிகாட்டி, ஆளொன்றுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி என்று கூறுகிறது. பதினாயிரம்பேர் வாழப்போகும் ஊருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 ஏக்கர் என்று கணக்காகிறது. பெருநகரங்கள் இவ்வளவைக் கனவிலும் எட்டமாட்டா. அனுமந்தை போன்ற ஊர் இன்றைக்கே கோடு கிழித்தால் எட்டும். ஏரிக்கரை, களம், மந்தைவெளி, கோயில் தோப்பு, பள்ளித் திடல் ஆகியவற்றை ஒன்றாய்க் கூட்டிப் பார்த்தால் விளங்கும்.

கோடு கிழித்தால் நிற்குமா என்று ஐயுறுவோருக்குப் பெங்களூர் வழக்கொன்றைச் சொல்லுகிறேன். அந்நகரத்தின் இராஜமகால் விலாச விரிவுப்பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தனர். குடியிருந்தோர் வழக்குத் தொடுத்தனர். மருத்துவமனையும் நல்லதுதானே என்னும் வாதம் அங்கேயும் எழுந்தது. 1991-இல் உச்சநீதிமன்றம் அக்கொடையைச் செல்லாதென்றது. பூங்கா என்பது ஆட்சியாளர் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும் ஆடம்பரமன்று. மக்கள் நலத்திற்கு இன்றியமையாதது என்பது அத்தீர்ப்பின் சாரம். இருபது ஆண்டுகள் கழித்து 2011-இல், பஞ்சாப் மாநிலத்துக் குளமொன்றைப் பற்றிய வழக்கில், ஊர்ப் பொதுநிலங்களில் ஏறியவரை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் அதே மன்றம் பணித்தது. சட்டம் நம் பக்கம் நிற்கிறது. ஆனால் பெங்களூரில் வழக்குத் தொடுத்தவர்களிடம் ஒரு வரைபடம் இருந்தது. அதில் அவ்விடம் பூங்கா என்று எழுதியிருந்தது. எழுதாத நிலத்திற்காக எந்த மன்றத்திற்குச் செல்வது?

சட்டம் பிறப்பதற்கு முன்பே நிலத்தைக் காத்த வேறொரு முறையும் இவ்வட்டாரத்தில் உண்டு. அனுமந்தையிலிருந்து புதுச்சேரி நோக்கிச் செல்லும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு இருக்கிறது. அங்கே அய்யனார் கோயிலைச் சூழ ஒரு காடு உண்டு. சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது. ஒருகாலத்தில் இக்கரை நெடுகிலும் பரவியிருந்த அக்காடு, கோயிற்காடுகளில்தான் உயிர்பிழைத்திருக்கிறது. வேலியும் காவலரும் செய்ய இயலாததை அய்யனார்மீது கொண்ட அச்சமும் அன்பும் செய்தன. குடும்பத்தோடு வருகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள், மரநிழலில் உண்டு, உறங்கி, மாலையில் வீடு திரும்புகிறார்கள். இதைக்காட்டிலும் சிறந்த பொழுதுபோக்குத் திட்டம் எந்த அலுவலகத்தில் வரையப்பட்டது? நம் பூங்காக்களில் நடவேண்டிய மரங்களுக்கு வித்தும் அங்கேதான் உள்ளது. உப்புக்காற்றைத் தாங்கும் புன்னையும் பூவரசும் பனையும் இம்மண்ணுக்கு உரியவை. அயல்நாட்டுப் புல்லை வரவழைத்து, குடிதண்ணீரை அதற்கு ஊற்றி, பிறகு அதன்மேல் மிதிக்காதே என்று பிள்ளைகளை விரட்டுவது எவ்வகை அறிவோ நான் அறியேன்.

மரம் வளரக் காலமாகும் என்று மனம் சலிக்கவேண்டாம். இதே வட்டாரத்தில் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது, அந்த மேட்டுநிலம் மழையால் அரிக்கப்பட்டு ஓடைப்பள்ளங்கள் விழுந்த செம்மண் பொட்டலாக இருந்தது. வரப்பிட்டு மழைநீரைத் தேக்கி மரம் நட்டனர். ஒரு தலைமுறைக்குள் காடு எழுந்தது. ஆயினும் அங்கேயும் ஒரு பாடம் உண்டு. நகர வரைபடத்தில் சாலை செல்லவேண்டிய இடத்தில் மரங்கள் வளர்ந்துவிட்டன. 2021-இல் சாலைக்காக மரங்களை வெட்டத் தொடங்கியபோது பெரும்பூசல் மூண்டது. பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் பணியை நிறுத்தியது. உச்சநீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த ஆணையை நீக்கியது. எப்பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புரைக்க நான் வரவில்லை. வரைபடமும் மரமும் ஐம்பது ஆண்டுகள் ஒன்றையொன்று பாராமல் வளர்ந்தால் முடிவு இவ்வாறுதான் இருக்கும். பூங்காத் திட்டத்தை ஒருமுறை எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டலாகாது; ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் அதனை எடுத்துக்கொண்டு நிலத்தின்மேல் நடந்து பார்க்கவேண்டும்.

இப்பூங்கா யாருக்கு? இக்கேள்வியைக் கேளாமலே பல திட்டங்கள் எழுதப்படுகின்றன. உப்பளத்தில் வேலை செய்வோர் விடியுமுன்னரே அளத்தில் இறங்குகின்றனர். வெயில் ஏறுமுன் உப்பை வாரிக் கரையேற்றித் திரும்புகின்றனர். நாளெல்லாம் வெண்மையையே கண்ட அவர்தம் கண்களுக்கு வேண்டியது நிழலும் பசுமையும். அவர்கள் இளைப்பாறும் வேளை நண்பகல். நண்பகலில் கதவைப் பூட்டிவிட்டு மாலை நான்கு மணிக்குத் திறக்கும் பூங்காக்களை நான் கண்டிருக்கிறேன். அவை உலாவப் போகிறவர்களுக்காக வகுக்கப்பட்டவை. உழைத்துக் களைத்தவர்களுக்காக அல்ல. அவ்வாறே, ஒளியும் கழிப்பறையும் இல்லாத பூங்கா ஆண்களுக்கு மட்டும் உரிய பூங்கா என்றே கொள்ளவேண்டும். நுழைவுக் கட்டணமும் அத்தகையதே. ஐந்து ரூபாய்தானே என்பார்கள். ஐந்து பிள்ளைகளை உடைய வீட்டில் அது நாள்தோறும் கொடுக்கும் தொகையன்று.

பணமின்றிச் செய்யத்தக்கவையும் உண்டு. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிமுதல் காலை ஏழரை வரை வண்டிகள் செல்ல விடுவதில்லை. ஒரு தடுப்பை இழுத்துப் போட்டவுடன் சாலை பூங்காவாகிவிடுகிறது! முதியோர் நடக்கின்றனர், குழந்தைகள் ஓடுகின்றன, அயலூரார் அமர்ந்து கடலைப் பார்க்கின்றனர். 1826-இல் தோன்றிய தாவரவியல் தோட்டத்தையும் நகர் நடுவேயுள்ள பாரதிப் பூங்காவையும் உடைய அந்நகரத்தில், மிகுதியான மக்கள் கூடுமிடம் செலவேயில்லாத இச்சாலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கழுவெளியைப் பற்றியும் ஒரு சொல். 2021-இல் அது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,000 எக்டேருக்கு மேற்பட்டது. 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. உடனே அங்கே படகு விடலாம், உணவுவிடுதி வைக்கலாம், விளக்கலங்காரம் செய்யலாம் என்று சிலர் திட்டமிடுவர். வேண்டாம். பொழுதுபோக்குக்குரிய இடங்களைப் போலவே, நாம் போகாமல் இருக்கவேண்டிய இடங்களையும் குறிப்பது திட்டத்தின் கடமை. கரையில் நின்று பார்க்க ஒரு மேடையும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறவைகளின் பெயர் சொல்லித் தர ஒருவரும் போதும். அவ்வீரநிலம் செய்யும் வேலை வேறு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இக்கரையில் ஏறியபோது, புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்நீர் எங்கேயாவது போய்த் தங்கவேண்டுமன்றோ? தாழ்ந்த வெளிகளை நாம் வீடுகளால் நிரப்பினால், நீர் வீடுகளுக்குள் தங்கும். கோடையில் விளையாட்டுத் திடலாகவும் மழையில் நீர்தேங்கும் பள்ளமாகவும் இருக்குமாறு சில வெளிகளை வகுப்பதே இக்கடற்கரைக்கு ஏற்றது. நான்கு நாள் ஆட்டம் நின்றால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வர்.

இறுதியாக ஒரு தடை. இதனை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. ஊரில் வீடில்லாதவர் இருக்கின்றனர். அவர்களுக்கு வீட்டுமனை கொடுக்க வேண்டுமென்றால் அரசின் கண் முதலில் செல்வது புறம்போக்கின்மீதுதான். குடிசைக்கு இடமில்லாதவனிடம் போய்ப் பூங்காவின் அருமையைப் பேசுவது எவ்வாறு? பேசத்தான் வேண்டும். இரண்டு சென்ட் மனையில் வீடு கட்டிக்கொண்டவனுக்கு முற்றமில்லை, தோட்டமில்லை, திண்ணையுமில்லை. பெரிய வீட்டுக்காரன் பூங்கா இல்லாமலும் வாழ்வான்; அவன் வீட்டிலேயே ஒரு மாமரம் நிற்கும். சிறுவீட்டுக்காரனின் பிள்ளைதான் வெளியின்றி வாழ இயலாதவன். ஆதலின் மனை வழங்குகையில் மந்தைவெளியை வெட்டாது, வேறு நிலத்தை விலைக்கு வாங்கி வழங்குவதே நேர்மை. விலை மிகுதிதான், இன்னும் பத்தாண்டு கழித்து அதைவிட மிகுதியாக இருக்கும்.

இதற்கெல்லாம் தொடக்கம் எங்கே? தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராமசபை கூடுகிறது. அடுத்த கூட்டத்திற்குச் செல்வோர் ஒன்று கேட்கலாம். கிராம நிருவாக அலுவலரிடம் அ-பதிவேடு என்னும் நிலப் பதிவேடு இருக்கிறது. அதில் மந்தைவெளி, களம், மேய்க்கால், தோப்பு, ஏரி என்று எழுதப்பட்டுள்ள புலஎண்களையும் பரப்பையும் கூட்டத்தில் உரக்கப் படிக்குமாறு கேட்கலாம். படித்து முடித்தபின், ஊர்ப்பிள்ளைகள் நால்வரை அழைத்துக்கொண்டு அந்த இடங்களுக்கெல்லாம் நடந்துபோய்ப் பார்த்து, எது எஞ்சியிருக்கிறது, எதில் கல் ஊன்றப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வரலாம். ஒரு முற்பகல் வேலை அது. பூங்காத் திட்டத்தின் முதற்பக்கம் அந்தத் தாள்தான். அதைத் தீர்மானமாக்கிக் கையெழுத்திட்டு, ஒரு படியை மாவட்ட ஆட்சியருக்கும் மற்றொன்றை நகர் ஊரமைப்பு அலுவலகத்திற்கும் அனுப்பலாம்.